பதினொன்று இருபது

என் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. நாக்குக்கு வேலை இல்லாதபோதெல்லாம் அது அங்கேதான் போய் நிற்கும். பதின்மூன்று வயதில் ஒரு வருடம் முழுவதும் நான் யாருடனும் அதிகம் பேசவில்லை. அதனால் நாக்குக்கு வேலையே இருக்கவில்லை. ஒடிந்த முனையைத் தடவிக்கொண்டே இருக்கும். தடவும்போதெல்லாம் தயாபரனின் முகம் வரும். முகத்தில் முதலில் மூக்கு வரும்.

தயாபரன் என் தாய்மாமனின் மகன். எனக்கு முறை மச்சான். மாமா அழகரத்தினம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராகவும் எங்கள் ஊர்க் கராத்தேக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் எங்கள் ஊர். இராணுவ முகாமில் மாமாவுக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்து, மண்டபத்தில் கராத்தே பழக அனுமதி வாங்கியவர் அவர்தான். அதனால் கழகத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

1997 ஆவணியில் நடந்த போட்டியில், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கடைசி ஆட்டத்தில் நானும் அவனும் மோதினோம். அப்போது கழகத்தில் பெண்பிள்ளைகள் ஆறு பேர். ஐந்து பேர் பத்து வயதுகூட ஆகாதவர்கள். என் உயரத்துக்கும் பாரத்துக்கும் பெண்ணில் ஆள் இல்லை. ஆகவே ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் மோதுவோம். மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வைக்கோல் பரப்பி, அகதி நிவாரணத்துக்கு வந்த நீலத் தார்ப்பாய்ப் படங்கை அதன்மேல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கால் வைத்தால் உள்ளே வைக்கோல் நொறுங்கும்.

நான் இரண்டு புள்ளி முன்னால் இருந்தேன். நடுவராக நின்ற யோகராசா மாஸ்டர் ‘யமே’ என்று கத்தினார். நிறுத்து என்று அர்த்தம். நான் கையைக் கீழே விட்டேன். அவன் அடித்தான்.

பல் ஒடிந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. வாயிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். யோகராசா மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த மாமாவைத்தான் பார்த்தார். மாமா ஒலிவாங்கியை எடுத்தார்.

“கையக் கீழ விட்டா பல்லுப் போகும்தானே. பொம்புளப்புள்ளையள் இதுகளப் பழகோணும்.”

மண்டபம் சிரித்தது. ஆட்டத்தைத் தொடர எனக்கு முடியாது என்று சொல்லி அவனுக்குப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். என் அம்மா புஸ்பம் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தாள். எழும்பி வந்து, தன் முந்தானையால் என் வாயைத் துடைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தமையனுக்குப் பயந்துதான் பேசவில்லை என்று நான் நினைத்தேன். தொண்ணூறில் விறகுக்குப் போன அப்பா திரும்பி வராத நாளிலிருந்து அவள் யாருக்கும் எதிர்த்துப் பேசியதில்லை. நெல் அவித்துக் குற்றி அரிசி விற்பாள். அடுப்பின் முன்னால் மணிக்கணக்காக வாய் திறக்காமல் இருப்பாள். அந்தப் பழக்கம் அவளிடமிருந்துதான் எனக்கு வந்தது.

பிறகு தயாபரன் என்னை எங்கே கண்டாலும் “ஓட்டப்பல்லி” என்று கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில், கடைத்தெருவில், கண்ணகை அம்மன் கோயில் வீதியில். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்குப் பதக்கம் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். அதே மண்டபத்தில், அதே ஆட்கள் பார்த்திருக்க, ‘யமே’ சொல்வதற்கு முன்னால், அவன் கை முகத்துக்கு நேரே இருக்கும்போதே, நான் அவன் மூக்கை உடைக்க வேண்டும். முன்னால் என்பதுதான் முக்கியம். பின்னால் அடித்தால் நானும் அவனும் ஒன்று.

விடிய முன் எழும்பி வாவிக்கரைக்குப் போவேன். கண்டல் மரத்தில் பழைய சாக்கைக் கட்டி அடிப்பேன். எதிர்க்கரையில், படுவான்கரைப் பக்கம், சில நாட்களில் செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கேட்கும். அதற்காக நான் நிறுத்தியதில்லை. அந்த வருடத்தில் நான் மூன்று அங்குலம் வளர்ந்தேன். பயிற்சியில் என்னோடு மோதிய பையன்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். தயாபரன் மட்டும் என்னோடு பயிற்சிக்கு நிற்கவில்லை. காலில் சுளுக்கு என்பான், வயிற்றுவலி என்பான். எல்லாவற்றையும் மாமா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பங்குனியில் சங்கக்கடைப் பலகையில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. மாமாவின் அழகான கையெழுத்து. ‘சாமத்தியப்பட்ட பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுடன் மோத அனுமதி இல்லை. அவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கப்படும்.’

தனிப் பிரிவில் யார் இருப்பார்கள்? ஆறு பேரில் பெரியபிள்ளையாகும் வயதை எட்டக்கூடியவள் நான் ஒருத்திதான். தனிப் பிரிவு என்றால் மேடைக்குப் போய், யாரையும் அடிக்காமல், ஒரு பதக்கத்தை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். பலகையின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். அரிசி நிறுக்க வந்தவர்கள் என்னை விலத்திக்கொண்டு போனார்கள்.

இரண்டு கிழமை கழித்து நான் பெரியபிள்ளையானேன்.

அன்று காலை வாவிக்கரையில், சாக்கை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. முதலில் பயம் வரவில்லை. மூக்கு தப்பிவிட்டதே என்ற ஆத்திரம்தான் வந்தது. தண்ணீரில் இறங்கி நின்று யோசித்தேன். எங்கள் பகுதியில் ஒரு பெண் பெரியபிள்ளையானால் அது அவள் சொந்த விஷயம் இல்லை. தாய்க்குச் சொல்ல வேண்டும். தாய், தமையன் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மாமி வந்து தண்ணீர் வார்க்க வேண்டும். ஊரில் துணி வெளுக்கும் ஆச்சிப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அவள் வந்து பழைய துணியை எடுத்துக்கொண்டு மாற்றுச் சீலை கொடுக்க வேண்டும். பெண்கள் எல்லாரும் கூடிக் குரவை போட வேண்டும். குரவை போட்டால் ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவின் பழைய சீலை ஒன்றைத் திருடிக் கிழித்து வைத்துக்கொண்டேன். இருட்டோடு வாவியில் துவைத்து, கண்டல் வேருக்குள் காயப்போட்டேன். அடுத்த மாதம், நாள் நெருங்கியபோது, என் தலையணையின் கீழே கை வைத்தேன். நான்காக மடித்த பருத்தித் துணிகள் அடுக்காக இருந்தன. நான் வைத்தவை அல்ல. ஓரம் பிரியாமல் ஊசியால் தைத்திருந்தது.

அம்மா அடுப்பின் முன்னால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கொதி வந்து அடங்கும்வரை இருவரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சும்மா மினக்கெடாம போய்ப் பழகு,” என்றாள். அவ்வளவுதான்.

ஐந்து மாதம் அப்படியே போனது.

போட்டி ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிவரைதான் முகாம் அனுமதி கொடுத்திருந்தது. சித்தாண்டியிலிருந்து ஒரு கழகம் வந்தது. வெல்லாவெளிப் பிள்ளைகள் விடிய முன்னமே வெளிக்கிட்டு, துறையில் இராணுவச் சோதனைக்கு நின்று, வெள்ளை உடுப்பெல்லாம் சேறாக வந்து சேர்ந்தார்கள். பாரம் பார்ப்பது சங்கக்கடைத் தராசில். அரிசி மூட்டை வைக்கும் பலகையில் ஒவ்வொருவராக ஏறி நின்றோம்.

நான் இறங்கும்போது தயாபரனின் தாய், மாமி சீதேவிப்பிள்ளை, கடைக்குப் பின்னால் வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். போனேன். வேப்பமரத்தின் கீழே யாரும் இல்லை.

“ஆச்சிப்பிள்ள உடுப்பெடுக்க வந்தவள்,” என்றாள் மாமி மெதுவாக. “உங்கட மருமகளுக்கு இன்னும் தண்ணி வாக்கல்லயா எண்டு கேக்கிறாள். விடியச்சாமத்தில வாவிக்கரையில துணி துவைக்கிறாளாமே ஒருத்தி. என்னவாம் கா அது?”

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாக்கு பல்லுக்குப் போனது.

“பங்குனியில இருந்தாம். வெக்கம் கெட்ட வேல. தாயும் மகளும் சேந்து.” மாமி என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. “இஞ்ச பார் மனே, நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. மாமாக்கும் சொல்லல்ல. காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு வீட்ட போ. ஒரு கிழமையால நானே வந்து முறையாத் தண்ணி வாக்கிறன். ஊருக்குள்ள ஒரு கதையும் வராது. அங்க ஏறினியெண்டா, ஒலிவாங்கியில எல்லாருக்கும் சொல்லுவன். நீ வெண்டாலும் அது வெண்டதாகாது. சட்டம் அப்பிடி.”

அவள் சொன்னது உண்மை. நான் வென்றாலும் பதக்கம் அவனுக்குத்தான் போகும். என்னையும் அம்மாவையும் பற்றி ஊர் வருடக்கணக்காகக் கதைக்கும். வேப்பிலை ஒன்று மாமியின் கொண்டையில் விழுந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அதிகம் யோசிக்கவில்லை.

“எனக்குக் காய்ச்சல் இல்ல மாமி,” என்றேன்.

முதல் இரண்டு ஆட்டத்திலும் சித்தாண்டிப் பையன்களை வென்றேன். தயாபரனும் தன் பக்கத்தில் வென்று வந்தான். கடைசி ஆட்டம் என்று யோகராசா மாஸ்டர் எங்கள் இருவரின் பெயரையும் கூப்பிட்டபோது மண்டபம் கலகலத்தது. படங்கைச் சுற்றி நின்ற இளந்தாரிகளுக்குப் பெரிய சந்தோசம்.

“டேய் தயா, மச்சாளெண்டு பாக்காத!”

“அவள் பாக்கமாட்டாள்டா, நீ உன்ர பல்லப் பார்!”

“கலியாணத்துக்கு முன்னமே அடிவாங்கிப் பழகிறான், நல்லதுதானே!”

தயாபரன் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். மீசை அரும்பியிருந்தது. வணக்கம் செலுத்தக் குனியும்போது, எனக்கு மட்டும் கேட்க, “ஓட்டப்பல்லி” என்றான். நான் குனிந்து நிமிர்ந்தேன். மேடையில் மாமா. கீழே முதல் வரிசையில் மாமி. கடைசி வரிசையில் அம்மா, கையை மடியில் வைத்துக்கொண்டு. அவளுக்கு நான் மாமி சொன்னதைச் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு, என் இடுப்புப் பட்டியை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டிவிட்டாள். வேறு ஒன்றும் இல்லை.

முதலில் அவன் ஒரு புள்ளி எடுத்தான். பிறகு நான் ஒன்று. அவன் பலமாக அடித்தான், ஆனால் அடித்த கையைத் திருப்பி எடுக்கச் சோம்பல். அதை நான் ஒரு வருடமாகப் பார்த்து வைத்திருந்தேன். நடுவில் மாஸ்டர் ‘யமே’ என்றார். அவன் கையைக் கீழே விட்டான். முகம் திறந்து கிடந்தது. மூக்கு எனக்கு ஒரு முழத்தில். என் வலது கை தானாகவே அரைவாசி தூரம் போய்விட்டது. நிறுத்தினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பின்வாங்கியதை எல்லாரும் கண்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தன் விசில் அடித்தான். அப்போதே பாதி எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் மற்றப் பாதியை விட நான் தயாராக இல்லை.

மாஸ்டர் திரும்பத் தொடங்கச் சொன்னார். அவன் ஆத்திரத்தில் பாய்ந்து வந்தான். கை முகத்துக்கு நேரே இருந்தது. இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். இடது காலால் அவன் காலை வாரினேன். அவன் சரியும்போது, அந்த இரண்டு கைக்கும் நடுவால் என் கை போனது.

கண்டல் மரத்துச் சாக்கில் வராத ஒரு சத்தம் அதில் வந்தது.

அவன் முழங்காலில் விழுந்து என் வலது காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இன்னும் விழாமல் இருக்கத்தான். மூக்கிலிருந்து இரத்தம் என் வெள்ளைக் காற்சட்டையில், தொடை நடுவிலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை, அகலமாக இறங்கியது. சூடாக இருந்தது. நான் அசையவில்லை. அது முழுவதும் ஊறட்டும் என்று நின்றேன். அதன் பிறகுதான் மாஸ்டர் ‘யமே’ என்றார்.

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க எழும்பினார்கள். பிறகு சிரிப்பு வந்தது. போன வருடம் எனக்கு வந்த அதே சிரிப்பு. யோகராசா மாஸ்டர் வழக்கம்போல மேடையைப் பார்த்தார். மாமா ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய் இறக்கினார். பல்லுப் போனபோது குற்றம் சொல்லாதவர் மூக்குக்கு என்ன சொல்ல முடியும்? மாஸ்டர் மெல்ல என் கையைப் பிடித்து உயர்த்தினார்.

மாமி மேடையில் ஏறினாள். மாமாவின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தாள்.

“இவள் வெண்டது செல்லாது! இவள் பங்குனியிலயே பெரியபுள்ளயாகிட்டாள். தாயும் மகளும் ஒளிச்சு வச்சிருந்தவங்க. அஞ்சு மாசமா! பெரியபுள்ளயான ஒருத்தி ஆம்புளப்புள்ளையோட கட்டிப்புரளுறாள், நீங்க எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறீங்க!”

சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழும்பியது. எல்லாருடைய கண்ணும் என்மேல். நான் நினைத்திருந்தது இதுதான், தயாராகத்தான் நின்றேன். ஆனாலும் கண் கடைசி வரிசைக்குப் போனது. அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா எழும்பி நின்றாள். சுவரில் தொங்கிய மணிக்கூட்டை ஒருமுறை பார்த்தாள். என் காற்சட்டையைப் பார்த்தாள். பிறகு வாயைக் குவித்து, நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள்.

எட்டு வருடமாக அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. கூரைத் தகடு அதிர்ந்தது போல இருந்தது. குரவைச் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண் எங்கள் ஊரில் இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும்போது பழகிய நாக்குகள் அவை. ஒருத்தி தொடங்கினால் மற்றவளுடைய நாக்கு அவளைக் கேட்காது. பக்கத்தில் இருந்தவள் போட்டாள். அவளுக்கு அடுத்தவள் போட்டாள். வெல்லாவெளியிலிருந்து வந்த தாய்மார், என்ன விஷயம் என்று தெரியாமலே போட்டார்கள். மண்டபம் முழுவதும் குரவை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் எழும்பி வெளியே போகத் தொடங்கினார்கள்.

அம்மா நடந்து படங்கருகே வந்தாள்.

“என்ர மகள் பெரியபுள்ளயாகிட்டாள்,” என்றாள். “இப்ப. பதினொண்டு இருபதுக்கு. எல்லாரும் பாத்த நீங்கதானே.”

“பொய்!” என்று மாமி ஒலிவாங்கியில் கத்தினாள். “அது என்ர மகன்ர ரெத்தம்!”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

“அவன்ர ரெத்தம் எண்டா அவன் அடி வாங்கித் தோத்துப்போனான். இவள்ர எண்டா நீங்க இறங்கி வந்து சீலையப் போத்துங்க. ரெண்டில ஒண்டச் சொல்லுங்க மச்சாள்.”

“பங்குனியிலயே…”

“பங்குனியிலயெண்டா ஆரு தண்ணி வாத்த? புள்ளைக்கு மாமி நீங்க. நீங்க தண்ணி வாக்காம, நாங்க குரவை போடாம, ஒரு புள்ள பெரியபுள்ளயாகிறதா? உங்கட ஊரில அப்பிடியா?”

பெண்கள் பக்கத்தில் யாரோ “அதுதானே” என்றாள். இன்னொருத்தி, “தாய்மாமன் அங்கதானே நிக்கிறார், கேளுங்களன்,” என்றாள். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமாவின் முகத்தை நான் அன்று நன்றாகப் பார்த்தேன். சட்டம் எழுதிய மனிதர். ஆனால் ஊர் பார்த்திருக்க, தங்கச்சி மகளுக்குக் குரவை போட்ட பிறகு, தாய்மாமன் வீட்டார் அசையாமல் நின்றார்கள் என்ற பேச்சு வந்தால் அவர் தெருவில் தலை நிமிர்த்தி நடக்க முடியாது. மாமியின் காதில்தான் சொன்னார். ஒலிவாங்கி அவள் கையில் இன்னும் இருந்ததை அவர் மறந்துவிட்டார்.

“போய்ப் போத்து சீதேவி. மானத்தை வாங்காத.”

அது வாவிவரை கேட்டிருக்கும்.

மாமி இறங்கி வந்தாள். யாரோ ஒரு வெள்ளைச் சீலையை அவளிடம் நீட்டினார்கள். அவள் அதை என் தலைமேல் போட்டாள். துணி முகத்தை மூடுமுன் நான் தயாபரனைத் தேடினேன். தூணுக்குச் சாய்ந்து, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். விரல்களுக்கு நடுவால் கண் மட்டும் தெரிந்தது. பெரியபிள்ளையானவள் தண்ணீர் வார்க்கும்வரை ஆண் முகம் பார்க்கக் கூடாது. நான் கடைசியாகப் பார்த்தது அந்த முகத்தை. அதையே கண்ணுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். குரவை பின்னால் வந்துகொண்டே இருந்தது.

வீட்டு மூலையில் தென்னங்கிடுகு மறைப்புக் கட்டி என்னை இருத்தினார்கள். அன்று மாலை ஆச்சிப்பிள்ளை மாற்றுச் சீலையோடு வந்தாள். பெரியபிள்ளையானபோது உடுத்த துணி அவளுக்குரியது. கராத்தேக் காற்சட்டையைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வெளுப்பவளின் கண்.

“இது உள்ளுக்கிருந்து வந்த ரெத்தமில்லயே,” என்றாள். “வெளியில இருந்து ஊறியிருக்கு.”

அம்மா மாற்றுச் சீலையை வாங்கி உதறினாள். ஆச்சிப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எனக்கென்ன. நான் வெளுக்கிறவள், விசாரிக்கிற விதானை இல்ல.” துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். “எனக்குச் சொல்லாம விட்டுட்டீங்களே எண்ட கோவத்திலதான் அங்க மாமியிட்ட கேட்டன். இவ்வளவு வில்லங்கம் வருமெண்டு ஆருக்குத் தெரியும்? ஆனா புள்ள, நல்லாத்தான் ஊத்தியிருக்கிறாய்.”

மறுநாள் இளையதம்பிச் சாத்திரியார் வாசலில் இருந்து நேரம் கேட்டார். அம்மா, “ஞாயிற்றுக்கிழமை, காலம பதினொண்டு இருபது,” என்றாள். அவர் கட்டம் கீறிப் பார்த்து, செவ்வாய் பலமாக நிற்கிறது என்றார். நான் மறைப்புக்குள் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் யோகராசா மாஸ்டர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். பதக்கத்தைக் கடதாசியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். கிடுகுக்கு இந்தப் பக்கம் எனக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அந்தச் செருப்பு போகாமல் நின்றது.

“நேத்துக் கூட்டம் வச்சாங்க,” என்றார். “இனிப் பொம்புளப்புள்ளையளுக்கு எல்லாமே தனி. வயசு பாக்கிறல்ல. ஆறு வயசில இருந்தே தனி. பழகிறதும் வேற நாள்.”

“பெரிய புள்ளையள் எத்தின பேர்?” என்று அம்மா கேட்டாள்.

மாஸ்டர் செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார். வேலியில் ஒரு காகம் கத்திவிட்டுப் போனது.

“ஒண்டுதான்,” என்றார்.

அன்று முழுவதும் நான் மூலையில் கிடந்தேன். மற்ற ஐந்து சின்னப் பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் யாருடைய மூக்கையும் உடைக்கவில்லை. நான் தயாபரனை முறையாக, நேரத்துக்கு முன்னால் அடித்தேன். மாமா என்னைத் திருப்பி அடித்துவிட்டார். இந்த முறையும் ‘யமே’ சொன்ன பிறகு. சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்திலிருந்து பையன்கள் ஒன்றாகக் கத்தும் சத்தம் வாவிக் காற்றோடு வந்தது. அதில் அவன் குரல் எது என்று தேடினேன். மூக்கால் பேசும் ஒரு குரல் இருந்தது. தடவிப் பார்த்தேன், பல் அப்படியேதான் இருந்தது. ஒரு மூக்கு அதற்குப் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது.

பதினோராம் நாள் தண்ணீர் வார்த்தார்கள். கிணற்றடியில் பலகை போட்டு, என்னைக் கிழக்கே பார்க்க இருத்தினார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். முதல் தண்ணீர் மாமியுடையது. அதை வேறு யாரும் வார்க்க முடியாது. மாமி வந்திருந்தாள். கூறைச்சீலை உடுத்து, நகை போட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

முதல் குடம் ஊற்றினாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. நான் கண்ணை மூடவில்லை.

இரண்டாவது குடத்தைத் தூக்கும்போது குனிந்து என் காதருகே வந்தாள். பெண்களுக்கு அது, மாமி மருமகளுக்கு ஏதோ புத்தி சொல்கிறாள் என்று தெரிந்திருக்கும்.

“எல்லாம் எனக்குத் தெரியும்,” என்றாள். “வெண்டிட்டன் எண்டு நினைக்காத. இனி உனக்கு அடிக்கிறதுக்கு ஆளில்ல. ஆம்புளப்புள்ளையள் வேற, நீ வேற. சாகுமட்டும் தனியத்தான்.”

அவள் குடத்தைக் காலி செய்தாள். முகத்திலிருந்து தண்ணீர் வடிந்து முடியட்டும் என்று பார்த்திருந்தேன். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு, அந்தப் பல் தெரிய.

“மேடையிலதானே மாமி தனி,” என்றேன். “தயா மச்சான் எனக்குத்தானே முறை. எங்கட வழக்கத்தில மாப்பிள்ளதான் பொம்புள வீட்ட வந்து இருக்கோணும். நான் பாத்துக்கொண்டிருப்பன் எண்டு அவருக்குச் சொல்லுங்க.”

மூன்றாவது குடத்தைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. விளிம்பிலிருந்து தண்ணீர் அவள் காலடியில் சொட்டியது. பின்னால் நின்ற பெண்கள், மாமி ஏன் நிற்கிறாள் என்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா கிணற்றுக் கட்டில் சாய்ந்து, வாயைக் குவித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஊத்துங்க மாமி,” என்றேன். “நேரம் போகுது.”